“இரவு 8 முதல் 10 வரை கிராமியக் கலைநிகழ்ச்சி” என்ற வரியை எடுத்துவிடுங்கள்: இகாரியாவுக்குக் குழு அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடையில் கிரேக்கத் தீவுகளுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் பயண அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஆகஸ்ட் மாதப் பயணத் திட்டங்களில் இப்போது இகாரியா தீவும் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. நல்லதுதான். சாந்தோரினியில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டத்துக்குள் எக்கி நிற்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்தத் திட்டங்களில் இப்படி ஒரு வரி வருகிறது: “இரவு 8 மணி: கிராமத் திருவிழாவில் விருந்து, இசை, நடனம். 10 மணி: விடுதி திரும்புதல்.” இதை எழுதியவர் அந்தத் தீவின் திருவிழா ஒன்றைக்கூடப் பார்த்திருக்க முடியாது. எட்டு மணிக்குப் போனால் நாற்காலி அடுக்கும் பையன்களையும், ஒலிவாங்கியைத் தட்டித் தட்டிச் சோதிப்பவரையும் பார்க்கலாம். பத்து மணிக்கு ஊர்க்காரர்கள் அப்போதுதான் வந்து உட்காருவார்கள். ஆட்டம் சூடு பிடிப்பது நள்ளிரவுக்கு மேல். விடிந்த பிறகும் வட்டம் கலையாத ஊர்கள் உண்டு. உங்கள் வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த இரவை. நீங்கள் கொடுப்பது அதன் முன்னேற்பாடுகளை மட்டும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒரு மாலைப்பொழுதாக இதை விற்காதீர்கள். குறைந்தது நான்கு இரவு தீவில் தங்கும்படி திட்டம் போடுங்கள். விருந்துக்கான பணத்தை உங்கள் கட்டணத்தில் சேர்க்காமல் திருவிழா மேசையிலேயே செலவாக விடுங்கள். ஏன், எப்படி என்பதைக் கீழே எழுதுகிறோம்.

முதலில் பணம். பனியீரி என்று அங்கே அழைக்கப்படும் இந்த விழா, ஊர்த் தேவாலயத்தின் புனிதர் நாளை ஒட்டி ஊரே கூடி நடத்துவது. இகாரியாவில் பெரும்பாலும் ஊர்ச் சங்கம்தான் பொறுப்பு. ஆடு, விறகு, மது, மேசை நாற்காலி, இசைக்குழுவின் கூலி எல்லாம் சங்கத்தின் செலவு. சமைப்பதும் பரிமாறுவதும் ஊர்க்காரர்களே. அதற்குக் கூலி கிடையாது. இறைச்சியும் மதுவும் விற்ற காசில் செலவு போக மிஞ்சுவது பாதை செப்பனிட, தேவாலயக் கூரை மாற்ற, ஊர்ப் பொதுக்காரியங்களுக்குப் போகும். நுழைவுச் சீட்டு என்று ஒன்று கிடையாது. அப்படியிருக்க “விழா நுழைவுக் கட்டணம் உட்பட” என்று துண்டறிக்கையில் போடுவது எப்படிச் சரியாகும்? இன்னும் மோசமானது, குழுவைக் கடற்கரை உணவகம் ஒன்றில் சாப்பிட வைத்து, அதன்பிறகு விழாவுக்குக் கூட்டிவந்து, நாற்பது நாற்காலியைப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது. அந்த நாற்பது நாற்காலியும் சங்கத்துக்கு நட்டக் கணக்கு.

இந்த ஏற்பாடு அழகுக்காக உருவானதல்ல. இகாரியாவுக்கு அரசாங்கம் எப்போதும் தொலைவில்தான் இருந்திருக்கிறது. 1912 ஜூலை 17 அன்று ஒட்டோமான் ஆட்சியை விரட்டிய பிறகு, நவம்பரில் கிரேக்கத்தோடு சேரும்வரை அந்தத் தீவு தனி நாடாகவே நடந்தது. 1940-களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கான இடதுசாரிகளைக் கொண்டுவந்து இறக்கிய தண்டனைத் தீவும் அதுதான். இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடராக்கிஸ் அவர்களில் ஒருவர். சாலை தானாக வந்து சேராத இடத்தில் மக்கள் தாங்களே காசு திரட்டப் பழகிக்கொண்டார்கள். அதற்கு ஆட்டுக்கறியும் வயலினும் உதவின.

துண்டறிக்கைகளில் காணும் இன்னொரு தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். “யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற இகாரியா ஆகஸ்ட் 15 விழா” என்று போடாதீர்கள். 2022-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்த ஆகஸ்ட் 15 கொண்டாட்டங்கள், வடக்கே பெருநிலப் பகுதியின் மலையூர்களான விலாஸ்தி, சிராக்கோ ஆகிய இரண்டினுடையவை. அங்கிருந்து இகாரியாவுக்கு ஒரு கடலே இருக்கிறது.

தேதிக்கு வருவோம். இகாரியாவில் கோடை முழுக்க ஏதோ ஓர் ஊரில் விழா இருக்கும். பெரிய நாள் ஆகஸ்ட் 15, மரியன்னை விண்ணேற்பு நாள். மேற்குப் பக்க மலைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் லங்காதாவில் அன்று ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். அகமாத்ரா ஊரில் பழைய ஓக் மரம் நிற்கும் சதுக்கத்தில் இன்னொரு விழா. ஆகஸ்ட் 6, கிறிஸ்தோஸ் ராஹெஸ் ஊரின் நாள். முதன்முறையாகக் குழு அழைத்துப் போகிறவர்கள் லங்காதாவைத் தொடாமல் இருப்பது நல்லது. கூட்டம், வண்டி நிறுத்த இடமில்லாத குறுகிய பாதை, தூசி, கைபேசிச் சமிக்ஞை கிடைக்காத நேரங்கள் என்று இருபது பேரைக் கட்டி மேய்க்க ஏற்ற இடம் அது அல்ல. ஜூலையிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ வரும் சிறிய ஊர் விழா ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சாப்பாட்டு வரிசை குறையும், ஆடவும் இடம் கிடைக்கும். எந்த நாளில் எந்த ஊர் என்பதை இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியலை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஊரில் சாவு விழுந்தாலோ, ஊரில் ஆள் பற்றாமல் போனாலோ ஒரு வருட விழாவையே விட்டுவிடுவார்கள். விடுதிக்காரரிடம் தொலைபேசியில் கேட்பதுதான் நம்பத்தகுந்த வழி.

அடுத்தது கப்பல். திட்டங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து இகாரியாவுக்குப் பெரிய கப்பலில், வழியில் நிற்கும் துறைமுகங்களைப் பொறுத்து, ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏகெயன் கடலில் மெல்தெமி என்னும் வடக்காற்று வீசும். வானம் நீலமாக, மேகமே இல்லாமல் இருக்கும், கடலோ கொதித்துக்கொண்டிருக்கும். வெயிலைப் பார்த்து “இன்று கப்பல் உண்டு” என்று முடிவுகட்டுவது ஏகெயனுக்குப் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. காற்று ஏறினால் முதலில் அதிவேகக் கப்பல்களை நிறுத்துவார்கள். பெரிய கப்பல்களுக்குத் தடை வருவது கடைசியில். ஆகவே வேகக் கப்பலில் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும் ஆசையை விட்டு, பெரிய கப்பலிலேயே இடம் பிடியுங்கள்.

தீவில் இரண்டு துறைமுகங்கள். எவ்திலோஸ் வடகரையில் இருக்கிறது, காற்று நேராக முகத்தில் அறையும். ஆயியோஸ் கிரிகோஸ் தென்கரையில், மலையின் மறைவில். காற்று பலமாக இருந்தால் எவ்திலோஸுக்குச் சீட்டு வாங்கிய கப்பல் ஆயியோஸ் கிரிகோஸில் இறக்கிவிடக்கூடும். நடுவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரும் அதெராஸ் மலை. அதை ஏறி இறங்கும் வளைந்த சாலையில் ஒரு மணி நேரம் ஆகும், வண்டி இருந்தால். எனவே வேன்காரரிடம் இரண்டு துறைமுகத்துக்கும் சேர்த்தே விலை பேசி வைக்க வேண்டும். நள்ளிரவில் தவறான துறைமுகத்தில் இருபது பெட்டிகளோடு இறங்கிய பிறகு பேரம் பேச முடியாது.

வானிலைத் தடையால் கப்பல் ரத்தானால் சீட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது அடுத்த கப்பலில் ஏறலாம். ஆனால் கடல்வழிப் பயணிகளுக்கான ஐரோப்பிய விதிப்படி, வானிலை ஆபத்தால் ரத்தான கப்பலுக்கு நிறுவனம் நட்ட ஈடு தர வேண்டியதில்லை. தங்கும் அறைக்கும் அது பொறுப்பில்லை. அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்திய இரவு எல்லோரும் ஏதென்ஸில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காற்று காலமென்றால் இரண்டு இரவு. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசாவில் ‘தங்கும் நாட்கள்’ என்று ஓர் எண் இருக்கும். விசா செல்லுபடியாகும் கடைசித் தேதி தள்ளி இருந்தாலும், அந்த எண்ணைத் தாண்டினால் அது அத்துமீறல்தான். விண்ணப்பத்திலேயே இரண்டு மூன்று நாள் கூட்டிக் கேளுங்கள். ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறையும்கூட. அதை ஒட்டிய நாட்களில் பாதி கிரேக்கமே கப்பலில் இருக்கும். ஏப்ரலிலேயே கப்பல் சீட்டும் அறையும் உறுதியாகவில்லை என்றால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

தீவுக்குள் ஐம்பது இருக்கைப் பேருந்து வேண்டாம். மலைப்பாதை வளைவுகளில் எதிரே ஒரு சுமைவண்டி வந்தால் யார் பின்னால் போவது என்பதே அரை மணி நேரப் பஞ்சாயத்தாகிவிடும். பதினைந்து முதல் இருபது இருக்கை உள்ள வேன்கள் போதும். ஓட்டுநர் விஷயத்திலும் கவனம் தேவை. ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் ஏறும் வண்டியென்றால், ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநருக்கு ஒரு நாளில் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும். வாரத்தில் சில நாள் 9 மணி நேரமாகக் குறைக்கலாம். காலை ஒன்பதுக்குக் கடற்கரை, மாலை மடாலயம், அதிகாலை நான்குக்கு விழாவிலிருந்து திரும்புதல் என்று ஒரே ஓட்டுநரை வைத்துத் திட்டம் போட்டால் அது சட்ட மீறலாகலாம், அதைவிட உயிராபத்து. விழா நாளன்று பகலில் வண்டியே வேண்டாம். மக்கள் தூங்கட்டும், நீந்தட்டும்.

தாங்களாகவே கார் எடுத்து ஓட்ட நினைப்பவர்களிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். இரத்தத்தில் மது அளவு லிட்டருக்கு 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கும் இருசக்கர வண்டிக்காரர்களுக்கும் 0.2 கிராம்தான். மூன்றாவதாக, தெருவிளக்கே இல்லாத மலைப்பாதையில் வளைவின் நடுவே ஆடுகள் படுத்திருக்கும். தார் பகல் வெப்பத்தைத் தாங்கி வைத்திருப்பதால் இரவில் அவற்றுக்கு அதுதான் மெத்தை.

இனி சாப்பாடு. ஆட்டுக்கறியே விழாவின் அச்சு. தீவின் மலைகளில் கட்டுப்பாடில்லாமல் திரியும் ஆடுகளை ‘ராஸ்கோ’ என்பார்கள். ஓடித் திரிந்த உடம்பு, கொழுப்பு குறைவு, நார் அதிகம். அதனால் அவித்தல்தான் முதல் முறை. காலையிலேயே விறகடுப்பில் அண்டாக்கள் ஏறிவிடும். எலும்போடு பெரிய துண்டுகளாகப் போட்டு, தண்ணீர் சூடேறும்போது மேலே வரும் அழுக்கு நுரையைத் திரும்பத் திரும்ப வழித்தெடுப்பார்கள். நுரையை விட்டுவிட்டால் சாறு கலங்கி, ஒரு கவிச்சை நின்றுவிடும். அதன்பின் தீயைத் தணித்து, மேற்பரப்பு மெல்ல அசையும் அளவில் மூன்று மணி நேரமோ, கிழட்டு ஆடென்றால் இன்னும் அதிகமோ வேகும். அவசரத்தில் தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்கவிட்டால் இறைச்சி இறுகி, நார்நாராகப் பிரிந்து, வாயில் பஞ்சுபோல் நிற்கும். குறைந்த தீயில் நேரம் கொடுத்தால்தான் சவ்வு கரைந்து சாற்றுக்கு அந்தப் பிசுபிசுப்பு வரும். சாறு வீணாவதில்லை. கோப்பையில் சூப்பாக, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியோடு அதைத்தான் முதலில் குடிக்க வேண்டும். அடுப்பில் வாட்டிய ஆடும் கிடைக்கும். அது முதலில் தீர்ந்துவிடும்.

நம்மவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: மசாலா கிடையாது. உப்பு, எலுமிச்சை, சில சமயம் மலை மூலிகைகளின் மணம், அவ்வளவே. ஊறுகாய்ப் பாட்டிலைப் பையில் கொண்டுபோகிறவர்களைத் தடுக்க எங்களால் முடியாது. மேசையில் கடை பரப்பாமல் இருந்தால் சரி.

வாங்கும் முறை தெரியாமல்தான் குழுக்கள் தடுமாறுகின்றன. பல விழாக்களில் பணம் கட்டும் இடம் ஒன்று, பொருள் வாங்கும் இடம் இன்னொன்று. முதல் வரிசையில் நின்று எவ்வளவு இறைச்சி, எத்தனை பாட்டில் மது, எத்தனை சாலட் என்று சொல்லிக் காசு கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டோடு இரண்டாவது வரிசை. இறைச்சியைக் கிலோ கணக்கில் நிறுத்து, வெட்டி, தடித்த காகிதத்தில் வைத்துத் தருவார்கள். தட்டு, கத்தி, முள்கரண்டி என்று எதிர்பார்க்காதீர்கள். கை போதும், ஈரத்துடைப்பான் உங்கள் பையில் இருக்கட்டும். எலும்போடு ஒரு கிலோ மூன்று பேருக்கு வரும். பதினெட்டுப் பேர் குழுவில் ஆறு பேர் சைவம் என்றால் நான்கு கிலோ இறைச்சி, ஆறு சாலட், நான்கைந்து ரொட்டி, பாலாடைக்கட்டி மூன்று பங்கு. முதல் தடவையிலேயே மொத்தத்தையும் வாங்காதீர்கள்; பாதியை வாங்கி, நள்ளிரவில் மறுபடி போங்கள். ஆறிய ஆட்டுக்கறியில் கொழுப்பு வெள்ளையாக உறைந்துவிடும், யாரும் தொடமாட்டார்கள். ஆனால் வாட்டிய இறைச்சி வேண்டுமென்றால் மட்டும் பதினொரு மணிக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் ரொக்கம் தேவை. மலையூரில் அட்டை இயந்திரம் இருந்தாலும் அதற்குச் சமிக்ஞை வேண்டுமே. பணம் எடுக்கும் இயந்திரங்கள் துறைமுக ஊர்களில்தான். விடுமுறை வாரத்தில் அவை காலியாகிவிடும். ஏதென்ஸிலேயே 5, 10, 20 யூரோ தாள்களாக எடுத்துவாருங்கள். 100 யூரோத் தாளை நீட்டினால் பின்னால் நிற்பவர்கள் உங்களைப் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள்.

பதினெட்டுப் பேருக்கு ஒரே மேசை கேட்காதீர்கள். ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் காசு வைத்திருக்கும் ஒருவர், இடம் காக்கும் ஒருவர் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒன்பது ஒன்பதரைக்குப் போனால் நீள மேசைகளின் ஓரத்தில் இடம் கிடைக்கும். எதிரே முன்பின் தெரியாதவர்கள் உட்காருவார்கள், அதுதான் வழக்கம். பக்கத்து மேசையிலிருந்து உங்களுக்கு ஒரு பாட்டில் வந்தால் மறுக்காமல் எடுத்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து நீங்களும் ஒன்று அனுப்புங்கள். உடனே அனுப்பினால் கடன் தீர்ப்பதுபோல் இருக்கும். ஆகஸ்ட் 15 என்றால் மரியா, பனயோதிஸ், தெஸ்பினா என்று பெயர் உள்ள எல்லோருக்கும் அன்று பெயர் நாள், அதாவது தங்கள் பெயருக்குரிய புனிதரின் திருநாள். “க்ரோன்யா பொல்லா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேசை உங்களுடையது.

மதுவைப் பற்றி உங்கள் வழிகாட்டிகள் அடக்கி வாசிக்கிறார்கள், அது தவறு. இகாரியாவின் பிராம்னியன் என்ற திராட்சை மது கவிஞர் ஹோமர் காலத்திலேயே பெயர் பெற்றது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் தாங்களே தயாரிக்கும் அந்த மது பல சமயம் கடையில் வாங்குவதைவிடக் காட்டமாக இருக்கும். தண்ணீர் கலந்து குடிக்கிறவர்களும் உண்டு. வெறும் வயிற்றில் இரண்டு குவளை குடித்துவிட்டுப் பதினொன்றரைக்கே வேனில் படுத்துவிடுபவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். முதலில் சூப், பிறகு ரொட்டி, பிறகுதான் குவளை. “நீல மண்டலத் தீவு, இந்த மதுவைக் குடித்தால் நூறு வயது” என்று விளம்பரம் செய்வதையும் நிறுத்துங்கள். (நீல மண்டலம் என்பது மக்கள் நீண்ட ஆயுளோடு வாழ்வதாகச் சொல்லப்படும் இடங்களுக்கு வைத்த பெயர்.) நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லும் மற்றவற்றில் மலையேற்றமும் மதியத் தூக்கமும் இருக்கின்றன. அவற்றை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு விழாவில் கிடைப்பது தக்காளி வெள்ளரி சாலட், ரொட்டி, பாலாடைக்கட்டி, பொரித்த உருளைக்கிழங்கு. அதே எண்ணெயில் வேறு எது பொரிந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் உணவகத்தில் சூஃபிகோ கேளுங்கள்: கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், குடைமிளகாய், வெங்காயம், தக்காளி எல்லாம் ஆலிவ் எண்ணெயில் மெல்ல வதக்கியது. இன்னொரு நுட்பம்: ஆகஸ்ட் 1 முதல் 14 வரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்புக் காலம். ‘நிஸ்தீசிமோ’ என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை இல்லாத நோன்பு உணவு வரும். ஆனால் நோன்பு விதி, இரத்தமில்லாத கடலுயிர்களை விலக்குவதில்லை. கணவாயும் எண்காலியும் நிஸ்தீசிமோதான். “நிஸ்தீசிமோ, கடலுணவும் வேண்டாம்” என்று முழுதாகச் சொல்லாவிட்டால் தட்டில் கொடுக்கு நீட்டிக்கொண்டு இறால் வந்து உட்காரும்.

குழுவில் பாதிக்கு மேல் சைவம் என்றால் எங்கள் ஆலோசனை, இகாரியாவை விட்டுச் சிஃப்னோஸ் தீவுக்குப் போங்கள். அங்கே முறை வேறு. ஒரு குடும்பம் தேவாலயத்தின் திருவுருவத்தை ஓராண்டு வீட்டில் வைத்துப் பராமரித்து, விழா நாளில் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சோறு போடும். இடம் குறைவு என்பதால் பந்தி பந்தியாக உட்கார வைப்பார்கள். சாப்பிட்டவுடன் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். முதலில் வருவது கொண்டைக்கடலை. அந்தத் தீவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் அதுதான்: இரவு ஊறவைத்த கடலை, நிறைய வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பிரிஞ்சி இலை, தண்ணீர், உப்பு, எல்லாம் மூடியுள்ள மண்பானையில் சனி மாலை விறகு அடுப்புக்குள் போய் ஞாயிறு காலை வெளியே வரும். முற்காலத்தில் மழைநீரைத்தான் ஊற்றினார்கள், காரணம் உண்டு. சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீரில் கடலையின் தோல் இறுகிக்கொள்ளும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் உள்ளே ஒரு மணல்தன்மை நிற்கும். ஜூலை 19 மாலை அங்கே மலையுச்சியில் உள்ள எலியா தீர்க்கதரிசி மடாலயத்தில் விழா. நடந்து ஏற வேண்டும், இறங்கும்போது கைவிளக்கு வேண்டும். முழங்கால் வலிக்காரர்களை ஏற்றிவிடாதீர்கள்.

இலவசச் சோறு என்பதால் அங்கே ஒரு குழுவாக முப்பது பேர் போய் இறங்குவது மரியாதை இல்லை. ஆறு எட்டுப் பேர் போகலாம், தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிக் காணிக்கை போடலாம்.

மறுபடி இகாரியா, மறுபடி இரவு. இசைக்கு வயலின்தான் தலைமை, உடன் லாவுதோ என்னும் நீள்கழுத்து நரம்புக் கருவி. பழைய ஆட்டுத்தோல் ஊதுகருவியான சம்பூனாவை இப்போது சில இடங்களில்தான் கேட்கலாம். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மேசை பிடித்துவிட்டு, “சத்தம் அதிகம்” என்று முறையிட்டுப் பயனில்லை. சிறு குழந்தைகள் உள்ளவர்கள் பின்வரிசையில் உட்காரட்டும். உள்ளூர்க் குழந்தைகள் நாற்காலிகளைச் சேர்த்துப்போட்டு அதிலேயே தூங்கிவிடுவார்கள், உங்கள் குழந்தைகளுக்கும் ஒரு போர்வை எடுத்துவாருங்கள். மலையில் நள்ளிரவுக்குமேல் குளிரும்.

தீவின் வட்ட ஆட்டமான இகாரியோதிகோஸை முன்பே பழகிக்கொள்வது நல்லது. கப்பலின் மேல்தளத்தில் அரை மணி நேரம் போதும். இரண்டு கைகளையும் அண்டையில் நிற்பவர்களின் தோள்மேல் வைத்து, வலப்பக்கமாக வட்டம் நகரும். மெதுவான பகுதிக்கு அடிப்படையாக இந்த ஆறு எண்ணிக்கையைப் பழகிக்கொள்ளலாம்: வலது, இடது, வலது என்று மூன்று அடி நகர்ந்து, நான்கில் இடது காலை லேசாக உயர்த்தி, ஐந்தில் அதை ஊன்றி, ஆறில் வலது காலை உயர்த்த வேண்டும். பிறகு இசை வேகம் பிடிக்கும், காலடிகள் நெருங்கும், துள்ளல் சேரும். தடுமாறுகிறவர்கள் செய்யும் பிழை காலில் இல்லை, தோளில். பயத்தில் பக்கத்தவர் தோளில் தொங்குவார்கள், அல்லது முழங்கையை மடக்கி இழுப்பார்கள். அதில் நான்கு பேரின் அடி கெடும். கையின் எடை தோளில் விழாமல் வைத்துக்கொண்டு, அடி தப்பினால் சும்மா நடந்தால் போதும், வட்டமே தூக்கிக்கொண்டு போய்விடும். வலது கோடியில் நிற்பவர் தலைவர். அவருக்கு முன்னால் போய்க் கைகோக்காதீர்கள். வாலில் சேருங்கள், அல்லது நடுவில் இரண்டு பேரைக் கண்ணால் கேட்டுவிட்டு நுழையுங்கள். ஒரே ஆள் தரையைப் பார்த்தபடி மெல்லச் சுழன்று ஆடினால் அது செய்பெகிகோ. அதற்குள் யாரும் நுழையக் கூடாது. சுற்றி மண்டியிட்டுக் கை தட்டலாம். இசைக்குழுவிடம் போய்க் கைபேசியைக் காட்டி நம் ஊர்ப் பாட்டு வாசிக்கச் சொல்வதும் வேண்டாம், தயவுசெய்து.

தட்டையான, மூடிய காலணி கட்டாயம். பல ஊர்களில் ஆடும் இடம் வெறும் மண், கல் வேறு. கூட்டத்தின்மேல் டிரோன் பறக்கவிடுவது ஐரோப்பிய விதிப்படி குற்றம். மாலை வழிபாட்டுக்குப் போகிறவர்கள் தோளும் முழங்காலும் மூடிய உடையில் போக வேண்டும். அங்கே ஐந்து ரொட்டிகளை ஆசீர்வதித்துத் துண்டு துண்டாக எல்லோருக்கும் தருவார்கள், யாரும் வாங்கிக்கொள்ளலாம்.

தீயைப் பற்றி விளையாட்டில்லை. 1993 ஜூலையில் இகாரியாவில் ஏற்பட்ட காட்டுத்தீயில் 13 பேர் இறந்தார்கள். மெல்தெமி வீசும் நாளில் ஒரு சிகரெட் துண்டு போதும். கிரேக்கக் குடிமைப் பாதுகாப்புத் துறை தினமும் மறுநாளைக்கான தீ அபாய வரைபடத்தை 1 முதல் 5 வரை அளவிட்டு வெளியிடுகிறது. 4 அல்லது 5 வந்தால் காட்டுப்பாதை நடைகளை ரத்து செய்யுங்கள், வேனை வெளியேறும் திசை பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள், காய்ந்த புல்மேல் நிறுத்த விடாதீர்கள். சூடான புகைக்குழாயே பற்றவைத்துவிடும். அவசர எண் 112. மருத்துவமனை ஆயியோஸ் கிரிகோஸில், அதாவது மேற்குப் பக்க ஊர்களிலிருந்து மலைக்கு அந்தப்புறம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

ஆகவே திட்டம் இப்படி இருக்கலாம். முதல் நாள் கப்பல், இறங்கியதும் தூக்கம். இரண்டாம் நாள் கடற்கரை, மாலையில் கிறிஸ்தோஸ் ராஹெஸில் உலா. அந்த ஊரில் கடைகள் இரவில்தான் உயிர்பெறும், குழுவின் கடிகாரத்தைத் திருப்பி வைக்க அதைவிட நல்ல இடமில்லை. மூன்றாம் நாள் பகல் முழுக்க ஓய்வு, மாலை ஐந்துக்கு லேசான உணவு, ஒன்பதுக்கு விழா. திரும்புவதற்கு நள்ளிரவு ஒன்றுக்கு ஒரு வேன், நான்கரைக்கு இன்னொரு வேன். முடியாதவர்கள் முதல் வண்டியில் போகட்டும், அவர்களால் மற்றவர்களின் இரவு கெட வேண்டாம். நான்காம் நாள் விடுதியில் காலை உணவைப் பன்னிரண்டு மணிவரை வைக்கச் சொல்லிப் பேசிவிடுங்கள், அன்று கப்பல் ஏறாதீர்கள். ஐந்தாம் நாள் பிரேயஸ். விருந்துச் செலவைக் கட்டணத்தில் சேர்க்காமல், “விழாவில் ஒருவர் தன் கையிலிருந்து செலவிட வேண்டியது” என்று துண்டறிக்கையில் தனி வரியாகப் போடுங்கள், அந்த ஆண்டின் விலையைச் சங்கத்திடம் விசாரித்து.

அடுத்த கோடைக்கான துண்டறிக்கைகள் அச்சுக்குப் போவது சனவரியில் என்று தெரியும். அதற்குள் அந்த எட்டு முதல் பத்து வரியை அடித்துவிட்டு, மேலே சொன்ன ஐந்து நாள் கணக்கை உங்கள் விலையில் போட்டுப் பாருங்கள். இரண்டு இரவு அறைச் செலவு கூடும், ஒரு பேருந்துச் செலவு குறையும்.

இப்படிக்கு,
ஏகெயன் தீவுகளில் தமிழ்ப் பயணிகளுக்கு வழிகாட்டும் சிலர்